எட்டாம் நம்பர் காட்டுக் கரடி

ஜூன் 4, செவ்வாய்

இந்த நோட்டு ஹேமாவுடையது. நர்சிங் காலேஜ் முதல் வருடத்துக்கு வாங்கியது. நாலு பக்கம் எழுதியிருந்ததைக் கிழித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "பேசத்தான் மாட்டேங்குறீங்க. எழுதவாவது செய்ங்கப்பா" என்றாள். மகள் சொன்னால் கேட்க வேண்டியதுதான்.

இன்றிலிருந்து ராத்திரி டியூட்டி. இடம், எஸ்டேட் ஏரிக்கரையில் இருக்கும் பழைய பம்ப் ரூம். மோட்டார் போய்ப் பத்து வருடம் ஆகிறது, எண்ணெய் நாற்றம் மட்டும் போகவில்லை. ஏரியைப் பார்த்து இரண்டு ஜன்னல். அவற்றுக்குப் பச்சை வலை கட்டி, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை வெளியே அடுக்கி மறைத்திருக்கிறோம். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு கம்பளி, ஒரு பிளாஸ்க், ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் பதிவேடு.

தண்ணீர் குடிக்க வரும் கரடிகளைப் பார்த்து, மணி, திசை, அடையாளம் எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். அதில் கமலவேணியை அடித்த கரடி எது என்று நான் கை காட்ட வேண்டும். காட்டினால் கூண்டு வரும். தானியங்கி கேமரா இரண்டும் சிறுத்தையைத் தேடும் வேலைக்குப் போய்விட்டதாம், அதனால் என் கண்தான் கேமரா. அந்தக் கரடியைப் பார்த்தவன் நான் ஒருவன்தானே.

கமலவேணி என் மனைவி. மே 24 காலையில் எட்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கப் போனாள். கரடி அடித்து அங்கேயே இறந்தாள். எழுதிவிட்டேன். எழுதும்போது எதுவும் ஆகவில்லை. ரேஷன் கடையில் பெயர் சொல்வது மாதிரி இருக்கிறது.

ரேஞ்சர் முகுந்தன் சார் நல்ல மனுஷன். "நீங்க வேணாம் தவமணி, வேற ஆளப் போடுறேன்" என்றார். "வீட்ல உக்காந்து செவத்தப் பாக்குறதுக்கு இங்க உக்காந்து ஏரியப் பாக்குறேன் சார்" என்றேன். பதிவேட்டை என் கையில் கொடுத்தார்.

துணைக்கு ஃபாரஸ்ட் கார்டு ஜெபராணி. நாகர்கோவில் பக்கத்துப் பெண், இந்த மலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வந்ததும் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, "அண்ணே, இந்தக் குளிர்ல மனுசரு கெடப்பாவளா? கரடிக்காவது ரோமம் கெடக்கு" என்றது. சிரிக்க வேண்டிய இடம். சிரித்து வைத்தேன்.

7.40க்குப் பெரிய ஆண் கரடி ஒன்று வந்தது. இடது காது பாதி இல்லை. தண்ணீரை உறிஞ்சும் சத்தம் இங்கே வரை கேட்டது. ஜெபராணி என் காதோடு, "இதாண்ணே?" என்றது.

"இருட்டா இருக்கு. சரியாத் தெரியல" என்றேன்.

நிலா வெளிச்சம் இல்லை என்பது உண்மைதான்.

ஜூன் 5, புதன்

ராத்திரி அரைக்காதன் மறுபடி வந்தான். 7.25.

பகலில் தூக்கம் வரவில்லை. ஜெபராணி கேட்டது, "அண்ணே, நீங்க காலையில ஊதுவியள்லா, அது என்ன கணக்கு?" சொன்னேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஃபாரஸ்டில் காவலர் வேலை, தற்காலிகம், ஒன்பது வருடம். தினம் காலை ஆறு மணிக்கு, அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் காட்டுக்குள் முதலில் நான் போக வேண்டும். கையில் தகர டின்னும் குச்சியும். தட்டிக்கொண்டே கீழிருந்து மேல் மூலை வரை நடக்க வேண்டும். செடிக்குள் கரடியோ பன்றியோ படுத்திருந்தால் சத்தத்துக்கு எழுந்து போய்விடும். மேல் மூலைக்குப் போனதும் விசிலை இரண்டு முறை நீளமாக ஊதுவேன். கீழே எடைக் கொட்டகையில் காத்திருக்கும் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். விசில் கேட்காமல் ஒருத்தியும் கால் வைக்க மாட்டாள். மேஸ்திரி கத்தினாலும் மாட்டாள்.

அன்றைக்கு மழை. நேரமாகிவிட்டது. சீக்கிரம் ஊதுங்க, காலைக் கொழுந்து போகுது என்று கமலவேணிதான் அவசரப்படுத்தினாள். அவள் எப்போதும் அப்படித்தான், எதிலும் பறப்பாள்.

ஜூன் 6, வியாழன்

மழை. எதுவும் வரவில்லை. ஜெபராணி புளிசாதம் கொண்டுவந்தது, உப்பு கூட.

ஜூன் 7, வெள்ளி

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் எங்கே பதிவு செய்வது, எந்த நம்பர் என்று எனக்குத் தெரியவில்லை. கமலவேணியின் போனை எடுத்துப் பார்த்தேன். "கேஸ்" என்று போட்டு வைத்திருந்தாள். கூப்பிட்டால், "சொல்லுங்கக்கா" என்றான் அந்தப் பக்கத்தில். வைத்துவிட்டேன். ஹேமா விறகு அடுப்பில் சோறு வடித்தாள்.

விடிகாலை 4.10க்கு ஒரு பெண் கரடி வந்தது. முதுகில் குட்டி. கரையிலேயே நின்று, தலையைத் திருப்பித் திருப்பி மோப்பம் பிடித்து, பிறகுதான் தண்ணீரில் வாய் வைத்தது. குட்டி இறங்கவே இல்லை, தாயின் ரோமத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடித்து முடித்து எட்டாம் நம்பர் பக்கமாக ஏறிப் போனது.

ஜெபராணி தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பவில்லை, பாவம்.

பதிவேட்டில் எழுத மறந்துவிட்டேன். குட்டி போட்ட கரடியை யாரும் பிடிக்கப் போவதில்லை, எழுதித்தான் என்ன ஆகப் போகிறது.

ஜூன் 8, சனி

இன்று பதினாறாம் நாள் காரியம். கமலவேணிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதே இலையைப் பார்த்துத்தான் தெரிந்தது. எலுமிச்சை ஊறுகாய், கடலை மிட்டாய், எசென்ஸ் போட்ட சிவப்பு கேக்.

அவளோடு பக்கத்து நிரையில் பறிக்கும் பவளக்கொடி என் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதது. "அண்ணா, நீங்க ஏன் இப்படி உறைஞ்சு போயிட்டீங்க? உங்க மேல என்ன தப்பு? நீங்க ரெண்டு தடவ ஊதுனீங்க, எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. எப்பவும் போலத்தான எறங்குனோம். அந்த எழவெடுத்த கரடி வந்து நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

நான் கேக்கைச் சாப்பிட்டேன். முழுத் துண்டும். பவளக்கொடி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு வைத்தது. அதையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் டியூட்டிக்கு வந்துவிட்டேன். இன்னைக்காவது வீட்ல இருங்கப்பா என்றாள் ஹேமா. காதில் விழாத மாதிரி டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பன் என்று ஒருவன் இருந்து என்ன பிரயோஜனம்.

ஜூன் 9, ஞாயிறு

அரைக்காதன் பயந்தாங்கொள்ளி. 7.30க்கு வந்தான். ஒரு தவளை பக்கத்தில் குதித்தது. அவ்வளவுதான், அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு கரையேறி ஓடினான். பத்து நிமிடம் கழித்து மெதுவாக எட்டிப் பார்த்தான். ஜெபராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "அண்ணே, இதுவா சும்மா போன ஆள ஓடி வந்து அடிச்சுது?" என்றது.

"காட்டு மிருகம். எப்ப எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

விடிந்ததும் ஜெபராணி கரைச் சேற்றில் கால்தடம் பார்க்கப் போனது. நான் போக விடாமல் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், அதுவோ சேற்றில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, இங்க பாருங்க. இது பொட்டக் கரடி கால் மாதிரி இருக்கு. பக்கத்துல குட்டி கால் மாதிரியும் ஒண்ணு கெடக்கு."

"நாய்" என்றேன்.

"நாய்க்கு இவ்வளவு நீள நகமா?"

"எஸ்டேட் நாய்."

என்னைப் பார்த்தது. பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டது.

ஜூன் 10, திங்கள்

ரேஞ்சர் பதிவேட்டைப் பார்க்க வந்தார். மே 24 அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தையும் எடுத்து வந்திருந்தார். படித்துக் காட்டினார். "காட்டை முழுவதும் சோதித்து விசில் கொடுத்தேன். அதன் பிறகு வெளியிலிருந்து வந்த பெரிய ஆண் கரடி ஒன்று எந்தக் காரணமும் இன்றித் துரத்தி வந்து தாக்கியது. குட்டி எதுவும் இல்லை." கீழே என் கையெழுத்து, தேதியோடு.

"காது பாதி இல்லாதது தினமும் வருதுன்னு எழுதியிருக்கீங்க. இதுதானா தவமணி?"

"இருக்கலாம் சார்."

"இருக்கலாம்னு சொன்னா மேல கேக்க மாட்டாங்க. அந்தக் காட்ட மூடி வச்சு ரெண்டு வாரம் தாண்டிருச்சு, எஸ்டேட்ல கத்துறாங்க. சனமும் கத்துது. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. பிடிச்சா அது திரும்பக் காட்டுக்குப் போகாது, சாகுற வரைக்கும் கூண்டுதான். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். யோசித்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தன, ஒன்றில் மூடி இல்லை, மை கசியப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார்" என்றேன்.

ஜெபராணி வெளியே போய்விட்டது.

ஜூன் 11, செவ்வாய்

லாரியில் கூண்டு வந்தது. ஆறு பேர் சேர்ந்து இறக்கி ஏரிக்கரைப் பாதையில் வைத்தோம். உள்ளே பழுத்த பலா, வெல்லம். மேலே தழை போட்டு மூடியது நான்தான், மற்றவர்களுக்குச் சரியாக வரவில்லை.

ராத்திரி ஜெபராணி, "அண்ணே, நான் ஒங்களுக்குத் தங்கச்சி மாதிரி. ஏதாம் சொல்லணும்னா சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றது.

"என்ன சொல்ல இருக்கு?" என்றேன்.

பலா வாசனை பம்ப் ரூம் முழுக்க. அரைக்காதன் வந்தான், கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். போ, போய்த் தொலை என்று மனதுக்குள் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

8.15க்குக் கதவு விழுந்தது. அரைக்காதன் உள்ளே. முதலில் கம்பியைக் கடித்தான். பிறகு கத்தினான். கரடி கத்துவது மனுஷன் கத்துவது மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். பதிவேட்டில் மணியை எழுதினேன். ரேஞ்சருக்குப் போன் போட்டேன். பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

ஜூன் 13, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். தப்பாக எழுதியதையும் திருத்த வேண்டும்.

காலையில் ஏரிக்கரையில் நல்ல கூட்டம். எல்லார் கையிலும் போன். அரைக்காதன் கூண்டின் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். மூக்கில் ரத்தம். மேஸ்திரி சந்தோஷமாக அறிவித்தார், "நாளைக்கு எட்டாம் நம்பர் தெறக்குறோம். எல்லாரும் காலையில வந்துருங்க. கரடியப் பிடிச்சாச்சு, இனி விசிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்." பெண்கள் கை தட்டினார்கள். பவளக்கொடியும் தட்டியது.

அப்போதுதான் ஹேமாவைப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிற பிள்ளை. கூண்டுக்கு முன்னால் நின்று, "இதுவாப்பா?" என்று கேட்டாள். கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். கம்பிக்கு நடுவே விட்டெறிந்தாள். அந்தக் காயம் பட்ட மூக்கிலேயே பட்டது. அரைக்காதன் கத்தவில்லை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இன்னும் மூலைக்குள் ஒடுங்கினான். யாரோ "அப்படிப் போடு" என்றார்கள். ஹேமா அடுத்த கல்லை எடுத்தாள்.

அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்கப்பா. இது எங்க அம்மாவக் கொன்னுச்சு."

"இது இல்ல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சத்தமாக இன்னொரு முறை சொன்னேன். "இது இல்ல சார். நான் பொய் சொன்னேன்." ரேஞ்சர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். அவ்வளவு பேர் முன்னால் சொன்னேன். சொன்னது இதுதான்.

மே 24 அன்று கமலவேணி அவசரப்படுத்தவில்லை. 5ஆம் தேதி இந்த நோட்டில் எழுதியது பொய். அவள் எடைக் கொட்டகையில் கடைசியில் நின்று தலைக்குப் பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டிருந்தாள், என்னிடம் பேசவே இல்லை. மழை, வழியெல்லாம் அட்டை, எனக்கு முழங்கால் வலி. ஒன்பது வருடமாக நடந்து நடந்து என்றைக்குத்தான் கரடி இருந்தது என்று தோன்றியது. கீழ்வளைவில் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். மேலே போகவில்லை. டின்னைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே இரண்டு முறை ஊதினேன்.

அன்று அவளுக்கு விழுந்த நிரை மேல் மூலையில். கத்தல் கேட்டு நான் ஓடிப் போனபோது பனிமூட்டத்துக்குள் ஒரு பெண் கரடி இறங்கிப் போனது. முதுகில் குட்டி இருந்தது. அந்த மூலையில் படுத்திருந்திருக்கிறது. இவள் நேராக அதன் மேல் போய் நின்றிருக்கிறாள். நான் தட்டிக்கொண்டே போயிருந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயிருக்கும். குட்டியோடு இருந்த கரடி என்று சொன்னால், படுத்திருந்தது உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று முதல் கேள்வியே வரும். அதனால் ஆண் கரடி என்றேன், வெளியிலிருந்து வந்தது என்றேன்.

"அந்தத் தாய்க் கரடி இன்னும் அங்கதான் இருக்கு சார். 7ஆம் தேதி பாத்தேன், எழுதல. நாளைக்கு இவங்கள உள்ள விடாதீங்க."

யாரும் என்னை அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன். பவளக்கொடி மட்டும் பக்கத்தில் வந்து, "எம் புள்ளைக்கு ஒன்றர வயசு அண்ணா. நாளைக்கு அந்த மேல் மூல எனக்கு விழுந்திருக்கும்" என்றது. திட்டியிருந்தால் தேவலை.

திரும்பிப் பார்த்தபோது ஹேமா இல்லை. கல் மட்டும் கீழே கிடந்தது.

ஜூன் 14, வெள்ளி

ரேஞ்சர் புது வாக்குமூலம் எழுதி வாங்கினார். அவர் கோபப்படவில்லை. "ஒன்பது வருசம் தவமணி" என்று மட்டும் சொன்னார். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், மேலிடம் கூப்பிடும்போது வாருங்கள் என்றார். யூனிஃபார்மைத் துவைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

மூக்குக்கு மருந்து போட்டு, பகல் மூன்று மணிக்கு அரைக்காதனைக் காட்டு எல்லைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள். நான் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை. ஜெபராணி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது, கதவு திறந்தும் வெகு நேரம் வெளியே வரவே இல்லையாம்.

எட்டாம் நம்பர் மேல் மூலையில் புதருக்குள் குட்டி படுத்த பள்ளம் இருந்தது. குட்டி வளர்ந்து தாயோடு கிளம்பிப் போகும்வரை அந்த மூலையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று ரேஞ்சர் எஸ்டேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மேஸ்திரி முறைத்தார். பெண்கள் ஒருவரும் மேஸ்திரி பக்கம் பேசவில்லை.

ஜெபராணி தன் ஸ்வெட்டரில் ஒன்றைக் கொடுத்தது. "எனக்கு எதுக்கு?" என்றேன். "ஒங்களுக்கு இல்ல, ஹேமாவுக்கு. ரெண்டு நாளா இந்தக் குளிர்ல வாசப்படியில உக்காந்திருக்காளாம்லா." நேற்றிலிருந்து நான் வீட்டுப் பக்கமே போகவில்லை, எனக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியாதது இன்னும் எத்தனையோ.

ஜூன் 15, சனி

காலையில் ஹேமா பேசினாள். நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். சிலிண்டர் இன்னும் வரவில்லை. ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், கை நீளமாக இருந்தது.

"அப்பா, அம்மாவுக்கு வேற ஏதாவது சத்தம் கேட்டு சந்தேகம் வந்திருக்குமா? உள்ள போகும்போது?"

"தெரியல."

"வந்திருந்தாலும் போயிருப்பாங்க. ஊதுனது நீங்கன்னு போயிருப்பாங்க."

"ஆமா" என்றேன். நான் இப்போது பொய் சொல்வதாக இல்லை.

அவள் ஸ்வெட்டர் கையை மடித்து விட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "கரடி மேல கோவப்பட்டு, அழுது, ஒரு மாதிரி முடிச்சு வச்சிருந்தேன்பா. இனி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்க மேல. அது எவ்வளவு நாள் ஆகும்னு எனக்குத் தெரியல. அதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

சரி என்றேன்.

சோறு வடித்து அவளுக்கு ஒரு தட்டு போட்டு வைத்தேன். அவள் அதை எடுக்காமல் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ் போடும் சத்தம் கேட்டது.

கமலவேணி போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் இருந்தவன், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பெயரைச் சொல்லி, வெட்கமில்லாமல், பக்கத்து லைன் வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி அழுதேன். ஹேமாவுக்கும் கேட்டிருக்கும். கதவு திறக்கவில்லை.